அன்னாபாவும் எங்கள் ஓர்ட்னரும்

எங்கள் பள்ளிக்கூடத்து ஆப்பிரிக்கா மெழுகுத்துணி நாற்றம் அடிக்கும். சுருட்டி மூலையில் சாத்தியிருக்கும் சுவர்ப்படத்தைப் புவியியல் ஆசிரியர் கொக்கியில் மாட்டி இறக்கும்போது, ஈரச் சுண்ணக்கட்டியும் பழைய பசையும் கலந்த அந்த வாடை முன்வரிசை வரைக்கும் வரும். தொண்ணூறுகளின் நடுவில் ஜெர்மனியின் பீலெஃபெல்டில் ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கண்டத்தைப் பற்றி இருந்த முழு அறிவும் அந்த வாடைதான். ஆசிரியருக்கும் அதைவிட அதிகம் தெரியாது என்பது பிறகு தெரியவந்தது. அவர் கம்பை எடுத்து வடகரையோரமாக ஒரு இழுப்பு இழுத்து, "இங்கே எல்லாம் மணல்" என்பார், அத்தோடு வட ஆப்பிரிக்கா முடிந்துவிடும்.

மத்தியதரைக்கடல் பாடம் வந்தபோது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கரையோரப் பகுதியைப் பற்றி எழுதி வாசிக்கும் "ரெஃபெராட்" கொடுக்கப்பட்டது. வெனிஸ், கிரேக்கத் தீவுகள், தென் பிரான்ஸ் எல்லாம் விடுமுறைப் படங்கள் வீட்டில் வைத்திருந்த பிள்ளைகளுக்குப் போய்விட்டன. யாரும் தொடாமல் கிடந்த கடைசிச் சீட்டில் அல்ஜீரியாவின் அன்னாபா மாகாணம் என்று இருந்தது. ஆசிரியர் அதை என் மேசையில் வைத்து, உனக்கு இது பொருத்தமாக இருக்கும் என்றார். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குப் பிறந்து, பனி பெய்யும் ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு அல்ஜீரியா எந்த வகையில் பொருத்தம் என்று கேட்கும் துணிச்சல் எனக்கு அப்போது இல்லை. நிறம் ஒத்துப்போனால் ஊரும் ஒத்துப்போகும் என்பது அவருடைய புவியியல்.

பாடநூல் அந்த மாகாணத்துக்கு ஆறே வரிகள் ஒதுக்கியிருந்தது. நாட்டின் வடகிழக்குக் கரை, ஒரு துறைமுகம், பொஸ்பேட் ஏற்றுமதி, ஒரு பெரிய உருக்காலை, தக்கை மரக் காடு. ஆறாவது வரி, கோடையில் அங்கே வெயில் அதிகம் என்றது. இதைக் கண்டுபிடித்து எழுத அட்டையில் மூன்று பேராசிரியர்களின் பெயர் தேவைப்பட்டிருக்கிறது. பக்கத்தில் விரல்நகம் அளவில் ஒரு வரைபடம் வேறு.

அந்த வரைபடத்தைப் பெரிதாக்கி வரைந்துகொண்டிருந்தபோதுதான் அப்பா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு வந்து, சோபாவில் வாய் திறக்காமல் கிடப்பவர் அவர். என் பாடப் புத்தகங்களை அதுவரை ஒருநாளும் தொட்டதில்லை.

"உது பிழை, பிள்ளை. ஆறு உதாலை வராது. துறைமுகத்துக்குத் தெற்காலையெல்லோ கடலிலை விழுறது."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஏழு மாசம் உதைப் பாத்துக்கொண்டுதானே கிடந்தனான்."

அப்பா கல்யாணத்துக்கு முன்பிருந்தே "கப்பலுக்குப் போனவர்" என்று எனக்குத் தெரியும். பொஸ்பேட் ஏற்றப் போன அந்தக் கப்பலை அதன் முதலாளி அன்னாபாத் துறைமுகத்தில் அப்படியே கைவிட்டுவிட்டான் என்பதும், மாலுமிகள் ஏழு மாதம் அங்கே தங்கிக் கிடந்தார்கள் என்பதும், அப்பா ஜெர்மனிக்குப் புறப்பட்டதே அங்கிருந்துதான் என்பதும் எனக்குத் தெரியாது. அடுத்த ஒரு கிழமை முழுக்க அப்பா பேசினார். அம்மா மட்டும் குசினியில் நின்று, "உந்தக் கதையை இப்ப ஏன் எடுக்கிறியள்?" என்று இரண்டு தரம் கேட்டார். அப்பா காதில் வாங்கவில்லை.

நகரத்துக்கு மேற்கே எதூக் மலை, பாதி நாள் முகிலுக்குள் மறைந்திருக்கும், அதன் சரிவில் பட்டை உரித்த தக்கை மரங்கள் இரத்தச் சிவப்பாக நிற்கும். வடக்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை முனையில் ஒரு வெளிச்சவீடு. தெற்கே செய்பூஸ் ஆறு தன் சேற்றைக் கொண்டுவந்து கொட்டும் சமவெளி. அந்த ஊரின் பெயருக்கே இலந்தை என்றுதான் பொருளாம். சந்தையில் ஒரு கிழவர் அப்பாவின் கையில் அள்ளிக் கொடுத்த இலந்தைப்பழத்தை வாயில் போட்டதும் தனக்கு அழுகை வந்ததாக அவர் சொன்னார். அப்பாவின் வாயிலிருந்து அழுகை என்ற சொல்லை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

வரலாற்றை நான் பள்ளி நூலகத்தில் பொறுக்கினேன். நூமிதிய அரசர்களின் நகரம், பிறகு உரோமர்களின் ஹிப்போ. உலகம் இன்றும் வாசிக்கும் ஒரு கிறிஸ்தவப் பேராயர் அங்கேதான் இருந்தார், நகரம் முற்றுகையில் கிடந்தபோது அங்கேயே இறந்தார். முற்றுகையிட்டவர்கள் வண்டாலர்கள், ஜெர்மானியக் குடிகள். பெண்டு பிள்ளைகளோடு கடல் தாண்டிப் போய், அடுத்தவன் ஊரைப் பதினான்கு மாதம் பட்டினி போட்டுப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு அராபியர், துருக்கியர், ஊருக்கே பெயரை மாற்றிய பிரெஞ்சுக்காரர். வண்டாலர்கள் செய்ததைப் பாடநூல் "மக்கள் பெருநகர்வு" என்று பயபக்தியோடு அழைத்தது. நான் அதை வாசித்த அதே வருடங்களில் எங்களைப் போன்றவர்கள் வந்ததைத் தொலைக்காட்சி "வெள்ளம்" என்றது. வண்டாலர்கள் ஒரு "ஆன்ட்ராக்" விண்ணப்பம் நிரப்பியதாகவோ, அலுவலகத்தில் நாள் குறித்து "டெர்மின்" எடுத்து வரிசையில் நின்றதாகவோ நான் எங்கும் படிக்கவில்லை.

பதினொரு பக்கம் எழுதினேன். முதல் பக்கத்தில், வரைபடத்துக்குக் கீழே, என் அப்பா இங்கே ஏழு மாதம் வாழ்ந்தார் என்று பெருமையாகச் சிவப்பு மையில் எழுதினேன். ஆசிரியர் மிக உயர்ந்த மதிப்பெண் போட்டுப் பள்ளி முத்திரையையும் குத்தினார். அவர் அந்த வரியைக் கவனித்ததாகத் தெரியவில்லை. எழுத்து அழகு என்று மட்டும் ஓரத்தில் குறித்திருந்தார்.

அந்த முத்திரைதான் வினையாயிற்று. எங்கள் சனம் எல்லார் வீட்டிலும் அலுமாரிக்கு மேலே ஒரு "ஓர்ட்னர்" இருக்கும், இரண்டு துளையிட்டுக் கடதாசிகளைக் கோக்கும் தடித்த கோப்பு. "சீல் குத்தின கடுதாசி ஒண்டும் வெளியிலை கிடக்கக்கூடாது" என்பது அம்மாவின் சட்டம். விசாவுக்குப் போகும்போது பிள்ளை நன்றாகப் படிக்கிறாள் என்பதற்கு அத்தாட்சி காட்டினால் நல்லது என்று யாரோ ஒரு அக்கா சொல்ல, நீச்சல் சான்றிதழ், பல் வைத்தியரின் கடிதம் எல்லாவற்றுக்கும் மேலே என் அன்னாபாவை அம்மா கோத்துவிட்டார். ஜெர்மன் வாசிக்கத் தெரியாத இருவர், தெரிந்த மகள் எழுதிய பதினொரு பக்கத்தைக் கொண்டுபோய் ஜெர்மன் அரசாங்கத்தின் மேசையில் வைத்தார்கள்.

வெளிநாட்டவர் அலுவலகத்து டெர்மினுக்கு மொழிபெயர்க்க நான் போனேன். பன்னிரண்டு வயது. புதிதாக வந்திருந்த அதிகாரி அப்பாவின் பழைய கோப்பைப் புரட்டிவிட்டு, நீங்கள் கொழும்பிலிருந்து நேராக ஷோனெஃபெல்ட் விமான நிலையத்துக்கு வந்தீர்கள், இடையில் எங்கும் தங்கவில்லை, சரிதானே என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

"ஓம். கொழும்பிலையிருந்து நேரை வந்தனான்" என்றார் அப்பா, கண் சிமிட்டாமல்.

அந்த நொடியில்தான் எனக்கு எல்லாம் விளங்கிற்று. இடைவழியில் ஒரு நாட்டில் மாதக்கணக்கில் இருந்தவன், அங்கேயே இருந்திருக்கலாமே என்று திருப்பி அனுப்பப்படுவான். ஆகவே அப்பா தன் வழக்கில் ஏழு மாதத்தை அழித்து எழுதியிருந்தார். நான் அதைச் சிவப்பு மையில் திரும்ப எழுதி வைத்திருந்தேன். அதிகாரியின் கை எங்கள் ஓர்ட்னரைத் திறந்தது.

"அன்னாபா," என்று வாசித்தார். விரல் வரைபடத்துக்குக் கீழே இறங்கியது. "உன் அப்பா அங்கே வாழ்ந்தாரா?"

ஊர்ப் பெயரைக் கேட்டதும் அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. மகளின் படிப்பைப் பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஜெர்மனில், "யா, யா, அன்னாபா ஷோன்!" என்றார். அழகான ஊராம்.

"அது பொய்," என்றேன் நான். "என் படம் அழகு என்று அப்பா சொல்கிறார். நல்ல மதிப்பெண் வாங்க நானே கட்டிவிட்ட கதை."

அதிகாரி அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். கோப்பை கழுவி வெளிறிய கைகளையும், கடன் வாங்கிப் போட்டிருந்த கோட்டையும் பார்த்தார். பிறகு சிரித்தார். "நானும் நினைத்தேன். இவர் எங்கே, அது எங்கே!" வர்ணம் நன்றாகத் தீட்டியிருக்கிறாய் என்று எனக்கும் ஒரு சொல் சொல்லிவிட்டு விசா முத்திரையை எடுத்துக் குத்தினார். அவர் இரண்டாம் பக்கத்தைத் திருப்பவே இல்லை. திருப்பியிருந்தால் வெளிச்சவீடு, மலை, இலந்தைப்பழம் எல்லாம் இருந்தன, எந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாலும் கட்ட முடியாத கதை. எங்களைக் காப்பாற்றியது என் கெட்டித்தனம் இல்லை, அந்த மனிதரின் இளக்காரம். அதற்கு நன்றி சொல்ல எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை.

பஸ் தரிப்பிடத்தில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. "சரி" என்றார். வீட்டுக்கு வந்ததும் அம்மா பதினொரு பக்கங்களையும் குசினிக் கத்தரிக்கோலால் பொடிப்பொடியாக வெட்டினார்.

இப்போது அப்பாவிடம் ஜெர்மன் கடவுச்சீட்டு இருக்கிறது. கல்யாண வீடுகளில் அவர் வயதுக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்து, மொஸ்கோவால் வந்தேன், துருக்கியால் வந்தேன் என்று அளப்பார்கள், ஒவ்வொரு வருடமும் அவர்களுடைய பாதை நீண்டுகொண்டே போகும், போன வருடம் இல்லாத ஓநாய்கள் இந்த வருடம் துரத்தும். அவர்கள் எல்லாரையும் விடத் தூரம் சுற்றியவர் நடுவில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருப்பார். பள்ளிக்கூடத்தில் அந்தச் சுவர்ப்படமும் இல்லை, இப்போது எல்லாம் திரைதான்.

போன மாதம் நான் தொலைபேசியில் அன்னாபாவின் வரைபடத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். போய்ப் பார்த்துவிட்டு வருவோம் அப்பா, இனி யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்றேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். சுட்டுவிரல் எங்கும் அலையாமல் நேரே துறைமுகத்துக்குத் தெற்கே, ஆறு கடலில் விழும் இடத்துக்குப் போய் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு விரலை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"நான் எங்கை பிள்ளை உங்கை போனனான்? கொழும்பிலையிருந்து நேரை வந்தனான்."