தாய்மி போட்ட காட்டு உரம்

தாய்மி ஹவெரினென் எங்கள் ஊர்ப் பள்ளியில் சமையல்காரியாக இருந்து ஓய்வு பெற்றவள். வழியனுப்பு விழாவில் கேக் வெட்டினார்கள். அதையும் அவளே செய்திருந்தாள். அப்பா இறந்தபின் காட்டைப் பிரித்ததில் வீடும் ஏரிக்கரையும் சேர்ந்த பாதி தம்பி தௌனோவுக்குப் போயிற்று. அவளுக்கு மணல்மேட்டுப் பாதி. இரண்டு பக்கமும் ஒரே வயதுப் பைன் மரங்கள். ஊசியிலைகள் வெளிறி, சரியாகச் சாப்பிடாத பிள்ளைகள் மாதிரி நின்றன.

வன ஆலோசகர் மெர்வி வந்து சுற்றிப் பார்த்தாள்.

"வியாதி ஒண்ணும் இல்லீங்க. பசி. இந்த மண்ணுல தழைச்சத்தே கிடையாது. மெல்லிசா இருந்தா காகித ஆலைக்குத்தான் போகும். இப்ப உரம் போட்டுட்டு எட்டு வருஷம் பொறுத்தீங்கன்னா, பருத்து அறுவை ஆலைக்குப் போகும். அந்த விலையே வேற."

"பசின்னா எனக்குப் புரியும்," என்று தாய்மி சம்மதித்தாள்.

தௌனோவுக்குப் புரியவில்லை. "அக்கா, காட்டுக்கு எவனாவது சோறு போடுவானா? பள்ளிக்கூடத்தை விட்டும் அந்தப் பழக்கம் விடலையா?"

"உனக்கும்தான் போட்டேன். உடம்பு மட்டும் வளந்துச்சு."

ஜூலையில் ஹெலிகாப்டர் வந்தது. அடியில் தொங்கிய பெரிய தொட்டியிலிருந்து உரமணிகளைத் தூவிக்கொண்டே காட்டின் மேல் போய்ப் போய் வந்தது. ஒரு முறை விமானி எல்லையில் திரும்பச் சற்றுத் தாமதித்துவிட்டார். தௌனோ அப்போதுதான் சௌனா என்ற நீராவி அறையில் வெந்து சிவந்து, சூடு ஆற உருளைக்கிழங்குப் பாத்தியருகே பிறந்தமேனியாக நின்றிருந்தான். மேலே வெள்ளை மணிகள் பொழிந்தன. ஆலங்கட்டி என்று நினைத்து ஒன்றை வாயில் போட்டான். பிறகு துண்டைச் சுற்றிக்கொண்டு அக்கா வீட்டுக்கு நடந்தான்.

"எம் மேல உரம் போட்டுட்டான்!"

"எங்கெல்லாம் பட்டுச்சு?"

"எல்லா இடத்துலயும்."

"போய்க் குளி. இல்லேன்னா இன்னும் வளந்துருவே."

அன்றோடு தௌனோ பேச்சை நிறுத்தினான். எங்கள் ஊரில் யாரும் அதிகம் பேசுவதில்லை என்பதால், அது சண்டை என்று தெரியவே எங்களுக்கு ஒரு வருடம் ஆயிற்று. அந்த ஆவணியில் அவன் உருளைச் செடிகள் இடுப்புயரம் தழைத்தன. தோண்டினால் கோலிக்குண்டு அளவில்தான் கிழங்கு. அதையும் அக்கா கணக்கில் சேர்த்துக்கொண்டான்.

தாய்மிக்கு அது வலித்தது. கிறிஸ்துமஸுக்குச் சுட்ட பன்றித்தொடையில் பாதியை ஒவ்வொரு வருடமும் அவன் வாசலில் வைத்துவிட்டு வந்தாள். தட்டு கழுவித் திரும்பி வந்தது, வார்த்தை வரவில்லை. காட்டுக்குப் போவாள், ஊசியிலைகள் கரும்பச்சையாக மாறியிருந்ததைப் பார்ப்பாள், திரும்பி வருவாள்.

எட்டு வருடம் கழிந்த பனிக்காலத்தில் மரம் வெட்டும் இயந்திரம் வந்தது. வந்ததுதான் வந்தது என்று தௌனோவும் தன் பக்கத்தை வெட்டக் கொடுத்தான். சாலையோரம் இரண்டு அடுக்குகள் எழுந்தன. அறுவை ஆலைக்கான தடித்த அடுக்கு முக்கால்வாசி தாய்மியுடையது. காகித ஆலை அடுக்கு பெரும்பாலும் தௌனோவுடையது. அவன் பக்கத்தில் தேறியவை எல்லையோரத்து மரங்கள் மட்டுமே.

ஊரே பனிச்சறுக்கில் வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. தௌனோ கடைசியில் வந்தான். எல்லையோரத்தில் வெட்டிய ஓர் அடிமரத்தின் முன் மண்டியிட்டு, வயது வளையங்களின் மேல் பனியைத் துடைத்தான். நடுவிலிருந்து நெருக்கமாக வந்த கோடுகள், வெளிப்பக்கம் விரல் வைக்கும்படி விலகியிருந்தன. தாய்மி பின்னால் வந்து நின்றாள்.

"இந்த ஓரத்து மரம் எப்பவுமே நல்லா வரும்," என்றான்.

"ஆமா."

தௌனோ முழங்காலில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு எழுந்தான்.

"அந்த மெர்வி நம்பர் உங்கிட்ட இருக்கா? எம் பக்கம் இன்னும் சின்ன மரமெல்லாம் நிக்குது."

தாய்மி நம்பரைச் சொன்னாள். அவன் கேட்காமலே இன்னொரு முறையும் சொன்னாள்.

மரம் விற்ற பணத்தில் அவள் ஒரு மோட்டார் படகு வாங்கினாள். அவளுக்குக் கரை கிடையாது.

"இதை எங்க கட்டுவே?" என்றான் தௌனோ.

"உன் கரையிலதான்."

அவன் சுத்தியலை எடுத்துவந்து தண்ணீரோரம் ஒரு கட்டையை அடித்து இறக்கினான். இப்போது இருவரும் சேர்ந்துதான் மீன்பிடிக்கப் போகிறார்கள். படகில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டேன்.

"மீன் ஓடிரும்," என்றாள் தாய்மி.