மூன்று மணி ஒரு நிமிடத்துக்கு வந்தவன்

நம்பச் சொல்லி உங்களைக் கெஞ்சப் போவதில்லை. ஆனால் நடந்தது. எனக்கே நடந்தது. கோவில்பட்டியில் உரக்கடை வைத்திருப்பவன் நான். பேய் என்றாலே சிரிக்கிற ஆள். இப்போது சிரிப்பதில்லை.

போன பங்குனி. வெயிலில் கரிசல் வெடித்துக் கிடந்தது. விளாத்திகுளம் பக்கத்துக் கிராமத்தில், எங்கள் வீட்டில், அம்மா சுப்புத்தாய் இரண்டு நாளாக இழுத்துக்கொண்டு கிடந்தாள். சொந்தபந்தம் வரிசையாக வந்து வாயில் பால் ஊற்றியது. பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒரு சொட்டு இறங்கவில்லை.

"கடைக்குட்டி கையால குடிச்சாத்தான் அவியளுக்கு உசிரு அடங்கும்" என்றாள் என் மனைவி பொன்மணி.

கடைக்குட்டி என்றால் என் தம்பி அருண்பாண்டியன். லடாக்கில், லே என்ற ஊரில் ஜேசிபி ஓட்டினான். "ஏலே, மொத பிளைட்டப் பிடிச்சு வா" என்று போனில் விரட்டியது நான்தான்.

காலை 11.00. தம்பி கூப்பிட்டான்.

"அண்ணே, கெளம்பிட்டேன். அம்மாவ..."

லைன் அறுந்தது. விமானம் ஏறிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

போனில் தேடினேன். லே விமான நிலையத்திலிருந்து தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையம் 2,820 கிலோமீட்டர். பறக்கும் நேரம் 4 மணி 1 நிமிடம். பெரிய மேதாவி மாதிரி அம்மா காதில் சொன்னேன். "மூணு மணி ஒரு நிமிசத்துக்கு வந்துருவான்மா." கார் ஓட்டும் தங்கப்பாண்டியை வாகைக்குளத்துக்கு அனுப்பினேன்.

ஒரு மணிக்கு, "நாக்பூரத் தாண்டிட்டான்மா" என்றேன். அம்மா இமையை அசைத்தாள்.

2.50. வாகைக்குளத்தில் இறங்கி வீடு வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்றாலும், பொன்மணி முன்னதாகவே பாலைக் காய்ச்சி, ஆற்றி, டம்ளரில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அறையில் அம்மாவும் நானும் மட்டும்.

2.58. என் கால் சில்லிட்டது. பங்குனி வெயிலில்... பல் கிட்டும் குளிர்.

3.01.

டக்... டக்... பூட்ஸ் சத்தம். வாசலில். பிறகு அறைக்குள்.

யாரும் இல்லை.

அம்மா தலையைத் திருப்பினாள். சிரித்தாள். வாயைத் திறந்தாள்.

தொண்டை அசைந்தது. ஒரு மடக்கு... இரண்டு... மூன்று...

என் இரண்டு கைகளும் என் மடியில் இருந்தன.

டம்ளரைத் தொட்டேன். பனிக்கட்டியாய்ச் சுட்டது. காலி.

அம்மா போய்விட்டாள்.

3.10. தங்கப்பாண்டி கூப்பிட்டான். "அண்ணாச்சி, அங்கனருந்து இங்கன நேரா பிளைட்டே கெடையாதாம். டெல்லி, சென்னைன்னு மாறி நாளைக்குத்தான் வர முடியுமாம்."

நான் பார்த்தது வரைபடத்தில் நேர்கோடு இழுத்துப் போட்ட கணக்கு. அது எனக்குத் தெரியாமல் போயிற்று.

மாலை 6.20. தம்பியோடு வேலை பார்க்கும் இசக்கிபாண்டியின் போன். அழுதான். ஏர்போர்ட்டுக்குப் போகிற வழியிலேயே பனியில் வண்டி சறுக்கிப் பள்ளத்தில் விழுந்திருக்கிறது.

"உங்ககிட்டப் பேசிக்கிட்டேதான் இருந்தான் அண்ணாச்சி... அந்த எடத்துலயே..."

அம்மாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் இளையவன். நான் வைத்தேன். அவனை அப்படி விரட்டாமல் இருந்திருக்கலாம் என்று இன்றும் அழுகிறேன்.

தம்பியின் உடல் மூன்று விமானம் மாறி வந்து சேர்ந்தது. அதற்குள், அவன் வந்துவிட்டுப் போய் நாலு நாள் ஆகியிருந்தது.