மூன்று தோட்டமும் நாறின

முதல் காபிக்கொட்டைப் பாக்கெட்டைப் பிரித்த அன்று எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மிகையாகச் சொல்லவில்லை. கொல்லைப்பக்கம் ஓடிப்போய்க் குனிந்து நின்றேன். சிக்கமகளூர் மலையில் ஒரே தோட்டத்தில் விளைந்தது, முந்தாநாள்தான் வறுத்தது, ஆரஞ்சுத் தோலும் வெல்லமும் கலந்த மணம் இருக்கும் என்றெல்லாம் அட்டையில் அச்சடித்திருந்தான். எனக்கு அடித்தது ஆடிக்கிருத்திகைக்கு மறுநாள் மலையடிவாரத்தில் அடிக்கிற நாற்றம். காவடிப் பூவெல்லாம் மிதிபட்டு, மழையில் ஊறி அழுகிக் கிடக்க, அதன்மேல் யாரோ டயரைக் கொளுத்தின மாதிரி.

அதற்கு முன்பு கடைத்தெருவில் காபி அரைக்கும் கடையில்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். அங்கேயும் தூள் நாற ஆரம்பித்தது. சிக்கரிக்குப் பதில் புளியங்கொட்டையை வறுத்துப் போடுகிறாயா என்று கடைக்காரரிடம் நாலு பேர் முன்னால் சத்தம் போட்டேன். "இத்தன வருசமா வாங்கிகினு கீறீங்க, இன்னிக்கி வந்து இப்டி சொல்றீங்களேம்மா" என்றார். அவர் முகம் சுண்டிப்போனதைப் பார்த்து எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது. இதைக் கேட்ட என் அக்கா பெண், "சித்தி, ஆன்லைன்ல சிங்கிள் ஆரிஜின் கொட்டை வாங்கு, கலப்படத்துக்கு வழியே கிடையாது" என்று சென்னையிலிருந்து போனில் சொன்னாள். எப்படி வாங்குவது என்றும் அவளே சொல்லிக்கொடுத்தாள்.

என் தொழிலைச் சொன்னால்தான் ஒரு தம்ளர் காபிக்கு இத்தனை ஆர்ப்பாட்டம் ஏன் என்று புரியும். நான் திவசச் சமையல்காரி. திருத்தணியிலும் ஆர்.கே.பேட்டைப் பக்கத்திலும் யார் வீட்டில் திவசம் என்றாலும் விடியற்காலம் தலைக்குக் குளித்து, மடியாகப் போய் அடுப்பை மூட்டுவேன். இலையில் பரிமாறி, பிராமணர்கள் சாப்பிட்டு எழுந்திருக்க மதியம் இரண்டு ஆகிவிடும். அதுவரை சமைக்கிறவள் எதையும் வாயில் வைக்கக் கூடாது. காபிக்கு மட்டும் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். அந்த ஒரு தம்ளரில்தான் பத்து மணி நேரம் என் கால் தரையில் நிற்கும்.

சமைத்ததை ருசி பார்க்கிற பேச்சே கிடையாது. ஒரு துளி நாக்கில் பட்டாலும் மொத்தப் பாத்திரமும் எச்சில். செத்துப்போனவர்களுக்கு எச்சிலையா போடுவது? அதனால் முப்பது வருஷமாக உப்பு, புளிப்பு, பதம் எல்லாவற்றையும் நான் மூக்கால்தான் பார்த்துவந்தேன். முகர்வதும் கூடாது என்கிற வைதிகர்கள் உண்டு. கொதிக்கிற பாத்திரத்து ஆவி தானாக வந்து முகத்தில் அடித்தால் நான் என்ன செய்ய? குழம்பில் உப்பு கொஞ்சம் கம்மி என்று அந்த ஆவியே எனக்குச் சொல்லிவிடும். அந்த மூக்கின்மேல் எனக்கு இருந்த கர்வத்துக்கு அளவே கிடையாது.

சிக்கமகளூர்க்காரனுக்கு ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, குப்பையை வறுத்து அனுப்பியிருக்கிறாய் என்று எழுதினேன். அவன் மன்னிப்புக் கேட்டு வேறு பாக்கெட் அனுப்பினான். அதுவும் நாறியது. அடுத்து ஏற்காடு. மிக்சியில் அரைக்கும்போதே மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டேன். டிகாஷன் இறங்க இறங்கச் சமையலறை முழுக்கச் செத்த எலி நாற்றம். அவனுக்கும் ஒரு நட்சத்திரம். உலகமே அயோக்கியத்தனமாகப் போய்விட்டது என்று தீர்மானித்துக்கொண்டேன். எந்த வீட்டுக்குச் சமைக்கப் போனாலும் அவர்கள் நெய் மட்டம், எண்ணெய் கலப்படம் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வடை தட்டினேன்.

என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. "ஆமா, கொஞ்சம் ஒரு மாதிரிதான் இருக்கு" என்பார். சொல்லிவிட்டு டபராவில் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடிப்பார். இந்த மனுஷனுக்கு எதைக் கொடுத்தாலும் இறங்கும் என்று அவரையும் அருவருப்பாகத்தான் பார்த்தேன்.

மூன்றாவது பாக்கெட் அரக்குப் பள்ளத்தாக்கிலிருந்து வந்தது. கொண்டுவந்தவர் கே.ஜி.கண்டிகைக்காரர், என் வயது இருக்கும், வழக்கமாக எங்கள் தெருவுக்குப் பார்சல் போடுகிறவர். வாசலில் நின்று தோள்பையை ஒருதரம் முகர்ந்தார்.

"இன்னாம்மா, காப்பிக்கொட்டையா? பொட்டியே பிரிக்கல, பையெல்லாம் கமகமன்னு கீது. வழியெல்லாம் மணந்துகினே வந்துச்சி."

எனக்குச் சுருக்கென்றது. அங்கேயே பெட்டியைக் கிழித்தேன். அதே அழுகல், அதே டயர். அவரை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய், வாயாலேயே மூச்சு விட்டுக்கொண்டு அரைத்து, டிகாஷன் இறக்கிப் பால் கலந்து எடுத்துவந்தேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"நல்லா இருக்கா?"

"ஆங், சூப்பருங்க. இன்னும் அரை தம்ளர் கீதா?"

அந்த மனுஷர் முகத்தில் அத்தனை சந்தோஷம். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மூன்று தோட்டமும் நாறவில்லை, நாறியது நான்தான் என்று அப்போது புரிந்தது.

அவர் வண்டியைக் கிளப்பியதும் உள்ளே போய் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"ஏன்னா, உங்களுக்கு எத்தனை நாளா தெரியும்?"

அவர் பேப்பரை மடித்தார். "நாலு மாசம் முன்னாடி உனக்குக் காய்ச்சல் விட்டுதே, அன்னிக்கே டாக்டர் சொன்னார். சில பேருக்கு மூக்கு தாறுமாறாப் போயிடும், நல்ல வாசனையெல்லாம் நாத்தமாத் தெரியும்னார். நீ காபியைத் துப்பினப்பவே எனக்குப் புரிஞ்சுடுத்து."

"சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?"

"சொன்னா நீ சமையலுக்குப் போகமாட்டே. போகாம நீ எப்படி இருப்பேன்னு எனக்குத் தெரியாதா? தானா சரியாயிடும்னு நினைச்சேன்."

நல்ல எண்ணம்தான். ஆனாலும் நாலு மாதம் ஒருத்தியைப் பைத்தியக்காரியாக ஆடவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறார் என்று பற்றிக்கொண்டு வந்தது. அந்த வெள்ளிக்கிழமை ஒரு திவசம் ஒப்புக்கொண்டிருந்தேன். "நான் வேணா கூட வந்து முகர்ந்து சொல்றேன்" என்றார். ஒரு நாளைக்கு இருபது தடவை பொடி போடுகிற மூக்கு! சிரிப்பதா, மோர்ச்சட்டியை எடுத்து வீசுவதா என்று தெரியவில்லை.

நான் போயிருக்கக் கூடாது. கை அளவு பழகியிருக்கிறது, மூக்கு எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். திமிர்தான், வேறென்ன. இந்த வேலையும் போய்விட்டால் நான் யார் என்கிற பயமும் இருந்தது.

ஸ்டேஷன் பக்கத்து வீடு. பள்ளிக்கூட வாத்தியார் வேலை பார்க்கிற ஒருவர் தன் அம்மாவுக்குத் திவசம் செய்கிறார். அவர் மனைவி மடிசாரைக் கட்டிக்கொண்டு எனக்குச் சாமான் எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பாகற்காய், வாழைக்காய், பாயசம் எல்லாம் கை அளவில் ஓடிவிட்டன. மோர்க்குழம்பில்தான் மாட்டிக்கொண்டேன். தயிர் முதல் நாள் மதியமே தோய்த்தது, நல்ல வெயில் வேறு. கொதி வந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. நாற்றம். தயிர் கெட்டுப்போன நாற்றமா, என் மூக்கின் நாற்றமா? கூடத்தில் ஹோமம் முடிந்துகொண்டிருந்தது. இலை அலம்பி வைத்தாகிவிட்டது.

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, கரண்டி நுனியிலிருந்து ஒரு துளியை உள்ளங்கையில் விட்டு நக்கினேன்.

உப்பு தெரிந்தது. மற்றதெல்லாம் சாக்கடை. நாக்கும் மூக்கோடு சேர்ந்து போயிருந்தது. முப்பது வருஷம் காப்பாற்றியதை ஒரு துளியில் கெடுத்துக்கொண்டேன், அதிலும் ஒன்றும் தெரியவில்லை. என்மேல் எனக்கே வந்த அருவருப்பில் அந்தக் கையைப் புடவையில் துடைக்கக்கூட மனசு வரவில்லை.

அவளைக் கூப்பிட்டேன். "மோர்க்குழம்பை வைக்கவேண்டாம்மா. நான் வாயில வெச்சுட்டேன்."

அவள் முகம் வெளிறியது. கூடத்தை ஒருதரம் எட்டிப்பார்த்தாள். பாத்திரத்தருகே குனிந்தாள். "நன்னாத்தானே இருக்கு மாமி. வாசனையே ஊரைத் தூக்கறது. நேரமாயிடுத்து, வெச்சுடுங்கோ. நீங்க சொல்லலை, நான் கேக்கலை."

அவள் அப்படிச் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் எல்லாவற்றையும்விட அசிங்கமாக இருந்தது.

"இல்லேம்மா. எனக்கு வாசனை தெரியலை. இன்னிக்கு மட்டும் இல்லை, நாலு மாசமாவே தெரியலை. கெட்டுப்போனதைப் போட்டிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது."

அவள் பரிமாற எடுத்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"போன மாசம் எங்க மாமனார் திவசத்துக்கும் நீங்கதானே மாமி வந்தேள்?"

"ஆமாம்மா. நான்தான்."

அவள் துணியால் பாத்திரத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் வாழையடியில் கொட்டினாள். திரும்பி வந்து, நான் தொட்ட கரண்டியைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு, கையை அலம்பிக்கொண்டு வேறு குழம்புக்குத் தேங்காயைத் துருவ உட்கார்ந்தாள். நான் அடுப்பை விட்டு நகர்ந்து அவளுக்கு வழி விட்டேன்.