நாலு குரலில் ஒரு லத்தீன் பாட்டு

கரவனெல்லைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிள்ளை மடுவத்து ஆயாவாக இருந்தவள் ரொசாலின். தாய்மார் பால்வெட்டப் போனதும் இருபது கைக்குழந்தைகள் அவள் பொறுப்பு. சின்ன வயதில் கன்னியர் மடத்தில் வேலைக்கு நின்றபோது, டோ ரே மீ என்று எழுத்தால் இசையைக் குறித்துவைக்கும் முறையைக் கற்றிருந்தாள். நற்கருணை ஆசீர் வழிபாட்டில் பாடும் பழைய லத்தீன் பாட்டு ஒன்றின் மேல் அவளுக்குத் தீராத ஆசை. அதற்கு நாலு குரலில் மெட்டமைத்தாள். திருப்தி வரவில்லை. தொட்டில்களை ஆட்டிக்கொண்டே இன்னொன்றும் அமைத்தாள்.

1997இல், யுத்த காலத்தில், பங்குச் சாமியார் சொன்னபடி, இரண்டையும் எழுதிவைத்திருந்த கொப்பியைக் கண்டியில் ஓர் இசை ஆசிரியரிடம் காட்டப் புறப்பட்டாள். ரம்புக்கனையில் ரயிலேற வேண்டும். வழியில் ஒரு செக்பொயின்டில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். பெண் பொலிஸ் ஒருத்தி கொப்பியைப் புரட்டினாள். பக்கம் பக்கமாகப் புள்ளி, கோடு, ஒற்றை எழுத்துகள். கீழே தமிழில் எழுதிய, தமிழல்லாத சொற்கள்.

"மேக்க மொகத்த?" இது என்னவென்று கேட்டாள்.

"பாட்டு, நோனா," என்றாள் ரொசாலின் சிங்களத்தில். பஸ் அவளை விட்டுவிட்டுப் போனது.

கூட்டிப் போன பொலிஸ் நிலையத்தில் ஓர் அதிகாரி ஒரு வரியில் விரலை வைத்தார். "பாட்டென்றால் பாடு."

அவர் விரல் வைத்தது இரண்டாம் குரலின் வரி. ஒரே ஸ்வரம் ஒன்பது தடவை வரும் இடம். பாடினாள். அவளுக்கே அது பொய் சொல்வதுபோலக் கேட்டது.

"இதுவா பாட்டு? யாருக்குக் கொண்டுபோகிறாய் இந்தச் செய்தியை?"

செய்தியில்லை, நாலு பேர் சேர்ந்து பாடும் பாட்டென்றாள். இப்படிக் கூட்டிப் போனவர்களில் திரும்பி வராதவர்கள் உண்டென்று அவளுக்குத் தெரியும்.

பஸ் கொண்டக்டர் ஜுனைதீன்தான் தோட்டத்துக்குச் சொல்லியனுப்பினார். பின்னேரம் மூன்று மணிக்கு, அவளோடு சேர்ந்து பாடுகிற அவள் புருஷன் செபஸ்ரியனும் அவன் தங்கை ஜொய்சியும் வந்தார்கள். நாலாவது குரல்காரன் அமல்ராஜ் வரவில்லை. அவன் தம்பி மூன்று மாசம் உள்ளே கிடந்து வந்தவன். அவனைக் குறை சொல்ல முடியாது.

"அண்ணி, பயமா இருக்கு. எங்களையும் புடிச்சு வச்சிருவாங்களோ?"

"பயந்துகிட்டே பாடு புள்ள. நிறுத்திறாத."

மூன்று பேரும் அதிகாரி முன்னால் நின்றபடியே பாடினார்கள். செபஸ்ரியனின் குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. ஜொய்சி அந்த ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொள்ள, மேலே ரொசாலினின் மெட்டு ஏறியது. அடுத்த அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. அதிகாரி கொப்பியையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சேர்ச்சில் பாடுவதா?"

"ஆமாங்க மாத்தயா."

அவர்களைப் போகச் சொன்னார். கொப்பி விசாரணைக்கென்று அங்கேயே தங்கிவிட்டது.

ரொசாலின் இரண்டு வருஷம் பென்சிலைத் தொடவில்லை. ஜீப் சத்தம் கேட்டால் மடுவத்துக் கதவைச் சாத்துவாள். பிறகு பழையவற்றை எழுதப் பார்த்தாள். நினைவில் பாதிதான் இருந்தது. அதனால் மூன்றாவது ஒன்று உண்டானது. பக்கத்துக்குப் பக்கம் தமிழிலும் சிங்களத்திலும் அர்த்தம் எழுதி, சாமியாரிடம் முத்திரை குத்தி வாங்கினாள்.

2003இல் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அதைப் பாடினார்கள். நன்றாக இருந்ததென்று எல்லோரும் சொன்னார்கள். பாடும்போது வாசலைப் பார்க்காமல் இருக்க மட்டும் அவளால் முடியவில்லை.