செங்கல் நிறம் பச்சையாகும் வரை

முட்டத்தில் இருக்கும் தன் வீட்டில் இசபெல் இனியும் தனியாக இருக்கலாமா கூடாதா என்பது ஒரு மாதத்தில் முடிவாக வேண்டியிருந்தது. முடிவு சொல்ல வேண்டியவன் மஸ்கட்டில் வேலை பார்க்கிற மகன் டிஜோ.

இசபெல் என் சின்னம்மை மகள். எனக்கு நாலு வயது இளையவள், இப்போது அறுபத்திரண்டு. போன வருசம் மூன்று தடவை மயங்கி விழுந்தாள். நெத்திலி காயப்போட்ட மணலில் ஒரு தடவை, பூசைக்குப் போகையில் கோயில் படியில் ஒரு தடவை, அடுக்களையில் ஒரு தடவை. எல்லாம் சுகர் தாழ்ந்து போய் வந்த மயக்கம். முன்னெல்லாம் சுகர் தாழ்ந்தால் கை நடுங்கும், மேலுதடு வேர்க்கும். உடனே ஒரு துண்டு கருப்பட்டியை வாயில் போட்டுக்கொள்வாள். அம்பது வருசம் ஊசி போட்ட உடம்பு இப்போது அப்படி முன்கூட்டியே தாக்கல் சொல்வதை நிறுத்திவிட்டது என்றார் நாகர்கோவில் டாக்டர்.

“வீட்டைப் பூட்டுங்கம்மா. நாகர்கோவில்ல ரெஜிஷா கூட ஃபிளாட்டுல இருங்க” என்றான் டிஜோ. ரெஜிஷா அவன் பெண்டாட்டி, நல்ல பிள்ளை.

“நாலாம் மாடியில இருந்து கூப்பிட்டா மீன்காரிக்குக் கேக்குமாலே? அங்க நான் யாருகிட்ட சண்டை போடுவேன்?” என்றாள் இவள்.

கடைசியில் டாக்டர்தான் இரண்டு பேருக்கும் நடுவில் வந்தார். கைப்புஜத்தின் பின்பக்கம் ஒரு சின்ன வட்டை ஒட்டிவிட்டார். கேரம் காயை விடக் கொஞ்சம் சிறிது. அதற்குள் இருக்கிற முடி போன்ற கம்பி ராப்பகலாகச் சுகரைப் பார்த்து போனுக்குச் சொல்லும். தாழ்ந்தால் அலாரம் அடிக்கும். அதே கணக்கு மஸ்கட்டில் டிஜோ போனிலும் தெரியும். ஒரு வட்டு பதினாலு நாள் வரும். “ஒரு மாசம் பாப்போம். விழாம இருந்தா நீங்க அங்கேயே இருங்க” என்று டிஜோ இறங்கி வந்தான்.

“அக்கா, எனக்குக் கரண்டு மீட்டர் வச்சாச்சு. ரீடிங் எடுக்க மட்டும் மஸ்கட்டுல ஆளு” என்று என்னிடம் கையைக் காட்டிச் சிரித்தாள்.

அந்த வட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஏசுஅடிமை சித்தப்பாதான் கண்ணில் வருவார். இசபெல்லின் அப்பா. கடியபட்டணத்தில் பிறந்து, எங்கள் சின்னம்மையைக் கட்டி முட்டத்துக்கு வந்தவர். எழுபத்திநாலாம் வருசம், இவளுக்குப் பதினோரு வயதில், இந்த நோய் வந்தது. சின்னப்பிள்ளைக்குச் சர்க்கரை நோய் வரும் என்று அதுவரை எங்கள் கடற்கரையில் யாரும் கேள்விப்பட்டதில்லை. நித்தம் இரண்டு ஊசி. கண்ணாடி சிரிஞ்சைச் சின்னம்மை வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைப்பாள். ஊசி மழுங்கினால், தூண்டில் முள் தீட்டுகிற கல்லிலேயே சித்தப்பா அதையும் தீட்டுவார். தீட்டி, தன் தொடையில் ஒரு குத்துக் குத்திப் பார்த்துவிட்டுத்தான் மகளிடம் கொண்டு வருவார்.

அந்த வருசம் மருந்து வைக்கக் குளிர்பெட்டி கிடையாது. சித்தப்பாவின் இரண்டாவது அக்காவைக் கட்டிய மாமா எங்கள் கடற்கரையில்தான் மீன் எடுத்து ஐஸில் வைத்து வெளியூருக்கு அனுப்புவார். ஐஸோடு கல்லுப்பையும் வாரிப் போட்டு மூடுவார்கள். சித்தப்பா மருந்துக் குப்பியை நெய்மீனுக்கு நடுவில் புதைத்து வைத்தார். அதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் இல்லை என்று அவருக்குப் பெருமை. உப்புப் போட்ட ஐஸின் குளிரில் குப்பி உறைந்து கல்லாகிவிட்டது. உருக வைத்துப் போட்டார்கள். மூன்றாம் நாள் பிள்ளைக்கு நினைவு இல்லை. மீன் லாரியில் ஏற்றிக்கொண்டு நாகர்கோவிலுக்கு ஓடினார்கள்.

“மருந்தை எங்க ஓய் வச்சீரு?” என்று அங்கே டாக்டர் கேட்டார்.

“ஐஸுலயாக்கும் சாமி. ஒரு சொட்டு வெயில் படல்ல.”

“உறைஞ்சா மருந்து செத்துப்போகும் ஓய். மூணு நாளா பிள்ளைக்குப் பச்சத்தண்ணியைத்தான் குத்தியிருக்கீரு.”

பிள்ளை பிழைத்தாள். சித்தப்பா அன்றிலிருந்து ஐஸ் பெட்டிப் பக்கம் திரும்பவில்லை. பெரிய மண்பானையில் ஈரமணல், அதற்குள் சின்னப் பானை, அதற்குள் குப்பி. காலையும் மாலையும் மணலை நனைப்பது என் வேலை.

இன்னொரு வேலையும் எங்களுக்கு உண்டு. கண்ணாடிக் குழலில் நீலத் தண்ணீர் கொஞ்சம், அதில் இவள் மூத்திரம் எட்டுச் சொட்டு. விளக்கில் காட்டிக் கொதிக்க வைத்தால் நிறம் மாறும். சுகர் இல்லை என்றால் நீலமாகவே இருக்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, கூடக்கூட மஞ்சள், ஆரஞ்சு, ரொம்பக் கூடினால் செங்கல். சித்தப்பா குழலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். நாங்கள் ஏழெட்டுப் பிள்ளைகள் கீழே கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்போம். பச்சை என்றால் அவளுக்குச் சோறு. செங்கல் என்றால் மோர்த்தண்ணி மட்டும். பச்சை வந்துவிட்டால் நாங்கள் எல்லோரும் சேர்ந்து கத்துவோம், “சின்னம்மா, பச்சை! சோறு போடுங்க!” அந்தச் சத்தம் கரைவரைக்கும் கேட்கும். அந்தப் பிள்ளைகளில் இப்போது மிச்சம் நாங்கள் மூன்று பேர்.

கல்யாணம் நடக்காது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பெண் பார்க்க ஆன்ட்ரூஸ் வந்தார், வள்ளத்து எஞ்சின் வேலை தெரிந்தவர். இவள் காப்பிக்குப் பதிலாகத் தட்டில் சிரிஞ்சைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். “இது எனக்கு நித்தம் ரெண்டு நேரம் உண்டு. சம்மதம்னா காப்பி கொண்டு வாறேன்.”

ஆன்ட்ரூஸ் தட்டைப் பார்த்தார். “எனக்கும் நித்தம் ரெண்டு கட்டு பீடி உண்டு. அதுக்குச் சம்மதமா?”

காப்பி வந்தது. டிஜோ பிறந்தான். ஆன்ட்ரூஸ் போய் ஆறு வருசம் ஆகிறது.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது அந்தக் கூத்து நடந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, போனை அடுக்களையில் சார்ஜில் போட்டுவிட்டு, ஃபேனுக்குக் கீழே பாயில் படுத்தாள். வட்டு ஒட்டிய கை அடியில் நசுங்கியது. அப்படி அழுத்தினால் சுகர் தாழ்ந்ததாக வட்டு தப்பாகக் காட்டும் என்று பிறகுதான் டாக்டர் சொன்னார். போன் அலாரம் அடித்தது அவளுக்குக் கேட்கவில்லை. மஸ்கட்டில் கேட்டது. டிஜோ இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு ஞானபாயை அழைத்தான்.

ஞானபாய் தெருவையே கூட்டிக்கொண்டு ஓடினாள். அதே தெருவில் இருக்கிற நானும் பின்னால் ஓடினேன். கதவுக் கொண்டியை ஆட்டோக்காரன் பெனிஷ் தோளால் இடித்துத் திறந்தான். திடுக்கிட்டு எழுந்த இசபெல், “என்னட்டி?” என்று வாயைத் திறந்ததும் ஞானபாய் சர்பத்தை ஊற்றினாள்.

“ஏட்டி, எனக்கு ஒண்ணு...” மறுபடியும் சர்பத்.

“பேசாதீங்க மைனி, மயக்கத்துல உளறுதீங்க!” என்றாள் ஞானபாய். பெனிஷ் கலர் சோடாவை உடைத்துக் கொடுத்தான். நானும் சும்மா இருக்கவில்லை, கருப்பட்டித் துண்டை அவள் கடைவாயில் திணித்தேன். பழைய பழக்கம்.

மூன்று மணிக்குச் சுகர் முந்நூற்று எழுபத்திரண்டு.

போனில் டிஜோ முகம் கறுத்திருந்தது. “துணியை எடுத்து வைங்கம்மா. நாளைக்கு ரெஜிஷா கார் கொண்டு வருவா.”

“நான் எங்கலே விழுந்தேன்? தெருவுல்லா எனக்க மேல விழுந்திச்சு!”

“எனக்குத் தெரியாது. இங்க இருந்து நான் செத்துச் செத்துப் பிழைக்க முடியாது.” போனை வைத்துவிட்டான்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. முதலில் விரலைக் குத்தி, வட்டு சொன்னது நிஜம்தானா என்று ரத்தத்தில் பார்த்தாள். பிறகு பேனா ஊசியைத் திருகி, கொஞ்சமாக ஒரு அளவு வைத்து வயிற்றில் போட்டுக்கொண்டாள். ஒரு செம்புத் தண்ணீர் குடித்தாள். “வா அக்கா, நடப்போம்” என்றாள்.

லைட்ஹவுஸ் ரோட்டில் பைய நடந்தோம். ஐந்து மணிக்கு முந்நூற்றுப் பத்து. பின்னாலேயே வந்த ஞானபாய்க்குப் பொறுக்கவில்லை. “இன்னொரு ஊசி போடுங்க மைனி. எனக்க சர்பத்தால ஆச்சே!”

“பைய ஏட்டி. முதல் ஊசி இப்பத்தான் வேலையில இறங்கியிருக்கு. இப்ப அவசரப்பட்டு இன்னொண்ணு போட்டா, பிறகு ரெண்டும் சேந்து என்னைக் கீழ தள்ளும்.”

பாறையில் உட்கார்ந்தோம். கீழே வள்ளங்கள் வந்துகொண்டிருந்தன. சித்தப்பா எந்தப் பாறையில் நின்று முள் எறிவார், கடியபட்டணத்து மாமிக்கு எத்தனை பிள்ளைகள், யார் யார் எங்கே வாழ்க்கைப்பட்டார்கள் என்று ஒவ்வொருவராகப் பேசிக்கொண்டிருந்தோம். நடுநடுவில் போனைப் பார்ப்பாள். இருநூற்று நாற்பது. நூற்றுத் தொண்ணூறு. கோயில் மணி அடிக்கிற நேரத்துக்கு நூற்று ஐம்பது. போனில் கீழே சாய்ந்துகொண்டிருந்த கோடு, அலை தாண்டிய வள்ளம் மாதிரி மெல்ல நிமிர்ந்து நேராக ஓடியது.

வீட்டுக்கு வந்து கஞ்சிக் கலத்தைத் திறக்கும்போது டிஜோ கூப்பிட்டான்.

“அம்மா, ரெண்டாவது ஊசி ஏன் போடல்ல?”

“நீ பாத்துட்டா இருந்த?”

“மூணு மணியில இருந்து வேற வேலை பாக்கல்ல. நானா இருந்தா அஞ்சு மணிக்கே போட்டிருப்பேன்.”

“போட்டிருந்தா எட்டு மணிக்கு நீ மறுபடியும் தெருவைக் கூப்பிட்டிருப்ப. இந்தத் தடவை நிஜமாவே விழுந்திருப்பேன். ஞானபாய் சர்பத்தும் தீந்துபோச்சு.”

அவன் சிரித்தான். பிறகு சொன்னான். “ரெஜிஷாகிட்ட கார் எடுக்க வேண்டாம்னு சொல்லிட்டேன். நீங்க அங்கேயே இருங்கம்மா. ஆனா போனைத் தலைமாட்டுல வச்சுப் படுக்கணும். அந்தக் கைப்பக்கம் சரியக்கூடாது.”

“சரிலே மக்கா.” அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். “அங்க உனக்குக் கோடு என்ன நிறமாட்டுத் தெரியுது?”

“பச்சையாத்தான் தெரியுது. ஏன்?”

கஞ்சிக் கலத்தை மூடி ஓரமாகத் தள்ளிவிட்டு, அவள் என் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, பச்சையாம். சோறு போடு.”