அத்திம்பேர் போட்ட எட்டு

அத்திம்பேரை நினைத்தால் எனக்கு முதலில் கண்முன் வருவது ஒரு கோலம். திருப்பதிக்கு வெளியே, வற்றிப்போன ஏரிக்குள், வெடித்துக் கிடந்த களிமண் தரையில் என் அக்கா போட்ட எட்டு. ஒரு ஸ்கூட்டர் உள்ளே புகுந்து, திரும்பி, வெளியே வரக்கூடிய பெரிய எட்டு அது. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கோலமாவு டப்பாவைக் கக்கத்தில் இடுக்கியபடி, பின்னாலேயே நடந்து நடந்து அவள் அதைப் போட்டாள். போட்டு முடித்து, இரண்டு வளையங்களின் நடுவிலும் ஒவ்வொரு கல்லை வைத்தாள். ஆடு ஓட்டிக்கொண்டு போன ஒருத்தி நின்று பார்த்துவிட்டு, "இன்னாம்மா, ஏரிக்குள்ள கோலம் போட்டுக்கினு இருக்கறே? எந்த சாமி வருது?" என்று கேட்டாள். "எங்காத்துச் சாமிதான். ஸ்கூட்டர்ல வரார்" என்றாள் அக்கா. ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்த சாமி இதைக் கேட்டும் சிரிக்கவில்லை. அவர் ஹாண்டில்பாரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். வண்டி இன்னும் கிளம்பவே இல்லை.

அத்திம்பேர் என்றால் அக்காவின் கணவர். எங்கள் வீடுகளில் அந்த உறவுக்கு மரியாதையும் உண்டு, கேலியும் உண்டு; நான் இரண்டாவதைத்தான் தாராளமாகச் செய்து வந்தேன். எங்களுக்குள் வயது வித்தியாசம் அதிகம் இல்லை. நான் பேன்ட் போட்டுக்கொண்டு ஆபீஸ் போகிறவன். அவர் குடுமியும் பஞ்சகச்சமும் பளிச்சென்ற திருமண்ணுமாகப் பெருமாள் கைங்கரியத்துக்குப் போகிறவர். சைக்கிள் வரை அவருக்குப் பழக்கம் உண்டு. அதற்கு மேல் சத்தம் போடுகிற எந்த யந்திரத்தையும் அவர் நம்பியதில்லை. சமையலறையில் மிக்ஸி ஓட ஆரம்பித்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். அப்பேர்ப்பட்டவர் எழுபதுகளின் கடைசியில், என்னுடைய பழைய ஸ்கூட்டரைத் தொட்டுப் பார்த்து, "இதை எனக்கு ஓட்டச் சொல்லித் தரயாடா?" என்று கேட்டபோது, எனக்குச் சிரிப்பதா திகைப்பதா என்று தெரியவில்லை.

காரணம் இருந்தது. புத்தூர் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். அங்கே சின்னதாக ஒரு பெருமாள் கோயில். தலைமுறை தலைமுறையாக அவர்கள் குடும்பத்துக்கு உரிய கைங்கரியம் அது. அவருடைய பெரியப்பா அந்த ஊரிலேயே இருந்துகொண்டு பார்த்து வந்தார். பெரியப்பா பரமபதித்ததும் பொறுப்பு அத்திம்பேருக்கு வந்தது. விடியற்காலையில் பெருமாளைத் துயிலெழுப்பும் விசுவரூப சேவை, சாயங்காலம் திருவாராதனம் என்ற பூஜை. விடிவதற்கு முன் அந்தப் பக்கம் பஸ் கிடையாது; வெயில் ஏறின பிறகு வரும் பஸ்ஸில்தான் அவர் போய்க்கொண்டிருந்தார். சைக்கிள் மிதித்துப் போய் வரும் தூரமும் இல்லை. ஊரின் தர்மகர்த்தா நல்ல மனுஷர்தான், ஆனால் கறாரானவர். "சாமிய பட்டினி போட முடியாது. குடும்பத்தோட இங்க வந்து இருந்துக்குங்க. இல்லாட்டி வண்டி வெச்சிக்கினு விடிய முன்னாடி வந்து சேருங்க. உகாதிக்குள்ள ஒண்ணு சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டார்.

குடும்பத்தோடு போவது என்றால் அக்கா வேலையை விட வேண்டும். அவள் திருப்பதியில் பெண்கள் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். அந்த வருஷம்தான் வேலை நிரந்தரமாகியிருந்தது. அவளிடம் படித்த பெண்கள் கணக்கு என்றால் பயப்படாமல் இருந்தார்கள். அந்தக் காலத்தில் அதுவே ஓர் அதிசயம். இருந்தாலும் பேச்சு வந்தபோது அவள் சட்டென்று, "நான் விட்டுடறேன். இதிலே யோசிக்க என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு எழுந்து போய் அடுப்பில் பாலைப் பார்த்தாள். பால் பொங்கும் நிலையிலேயே இல்லை என்பது எனக்குத் தெரியும். அத்திம்பேர் மறுநாள் காலைதான் என் ஸ்கூட்டரைத் தொட்டுப் பார்த்தார்.

லைசென்ஸ் இல்லாமலே ஓட்டிக்கொண்டு திரிந்தவர்கள் ஊரில் நிறையப் பேர். அதை நான் சொன்னபோது அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "பெருமாள் காரியத்துக்குத் திருட்டுத்தனமாப் போகப்படாது."

ஆக, பயிற்சி ஆரம்பித்தது. என் ஸ்கூட்டருக்குச் சில குணங்கள் உண்டு. காலையில் அதை ஒரு பக்கமாகச் சாய்த்து, தாஜா பண்ணி, பிறகுதான் உதைக்க வேண்டும். உதைப்பது என்ற செயலே அவருக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் வண்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அப்புறம்தான் உதைப்பார். கியர் இடது கைப்பிடியில். கிளட்சைப் பிடித்து முறுக்கினால் விழும். அவர் முறுக்கினால் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு விழும். வண்டி திணறி நின்றுவிடும். ஏரிக்கரையில் வேடிக்கை பார்க்க ஒரு கூட்டமே சேர்ந்தது. "சாமி, புத்தூரு பஸ்சு நிக்கிதே, ஏறிக்கினு போயி கட்டு கட்டிக்கினு வந்துடுங்க" என்று ஒருவன் கத்துவான். எலும்பு முறிந்தால் எங்கள் பக்கத்தில் எல்லாரும் புத்தூருக்குத்தான் ஓடுவார்கள். அத்திம்பேர் அசரவில்லை. கொஞ்ச நாளிலேயே நேராக ஓட்ட வந்துவிட்டது. பஞ்சகச்சம் படபடக்க அவர் ஏரியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போவதை அக்கா வாயைப் பொத்திக்கொண்டு பார்ப்பாள். சிரிப்பை அடக்குகிறாளா, பயத்தையா என்று சொல்ல முடியாது.

சங்கடம் எட்டில் வந்தது. எட்டின் முதல் வளையத்தில் கல்லுக்கு வலமாகத் திரும்ப வேண்டும். அதில் அவர் சாட்சாத் தேர் திரும்புவதுபோல அழகாகத் திரும்புவார். இரண்டாவது வளையத்தில் கல்லை இடப்பக்கம் வைத்துச் சுற்ற வேண்டும். அங்கே போனதும் உடம்பு விறைத்துவிடும், கால் தரையில் ஊன்றிவிடும். லைசென்ஸ் டெஸ்டில் கால் ஊன்றினால் முடிந்தது கதை. நான் பிரேக்கைச் சொன்னேன், ஆக்சிலேட்டரைச் சொன்னேன், இடுப்பை வளைக்கச் சொன்னேன். எதுவும் நடக்கவில்லை. கடைசியில் ஒருநாள் விழுந்தே விட்டார். முழங்கையைத் துடைத்துக்கொண்டே, கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்: "எனக்கு நடக்கத் தெரிஞ்ச நாள்லேர்ந்து எதையும் வலமாத்தாண்டா சுத்தியிருக்கேன். இடமாச் சுத்தறது போனவாளுக்குப் பண்ற காரியத்திலேதான். பெரியப்பாவுக்குப் பண்ணி இன்னும் வருஷம்கூடத் திரும்பலே. உடம்பு மாட்டேங்கறது."

கேலி செய்ய வாயெடுத்த நான் அப்படியே மூடிக்கொண்டேன். சந்நிதியை, துளசி மாடத்தை, மாட வீதிகளை, தீபத்தட்டை, எல்லாவற்றையும் வலமாகவே சுற்றிச் சுற்றி உருவான உடம்பு அது. அதற்கு ஆக்சிலேட்டர் பாடம் எப்படி ஏறும்?

அக்காதான் வழி சொன்னாள். இரண்டாவது வளையத்துக்கு வெளியே போய் நின்றுகொண்டு, வகுப்பில் பேசுகிற குரலில் பேசினாள். "ஏன்னா, கல்லைப் பார்க்காதீங்கோ. கல் உள்ளே இருக்கு, ஒத்தைக் கல். மத்ததெல்லாம் வெளியிலே இருக்கு. நீங்கோ இடமாச் சுத்தறச்சே, வெளியிலே இருக்கறதெல்லாம் உங்களுக்கு வலப்பக்கம். நானும் வலப்பக்கம். ஊரும் வலப்பக்கம். அதோ, மலையும் வலப்பக்கம்." அத்திம்பேர் திரும்பித் திருமலையைப் பார்த்தார். இளவெயிலில் அது நீலமாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் கணக்குப் போட்டுப் பார்ப்பதுபோல நின்றார். "அதானே" என்றார். அன்றைக்கு அவர் கால் ஊன்றாமல் அந்த வளையத்தைச் சுற்றி வந்தார். அக்கா கைதட்டினாள். நடுவீதியில் புருஷனுக்குக் கைதட்டுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. ஏரிக்குள் இருந்ததால் தட்டினாள் போலிருக்கிறது.

எங்களுக்குச் சித்தூரில் டெஸ்டுக்குத் தேதி கிடைத்தது. உகாதி நெருங்கிவிட்டது. அன்று தவறினால் மறுபடி தேதி வாங்குவதற்குள் உகாதி தாண்டிவிடும். நான் ஓட்ட, அத்திம்பேர் பின்னால் உட்கார்ந்து வந்தார். வழியெல்லாம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பாசுரமோ என்று காதைக் கொடுத்தால், "கிளட்ச், கியர், மெதுவா விடு" என்பதைத்தான் பாராயணம் பண்ணிக்கொண்டிருந்தார். வெளியில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காதவர் என்பதால் அக்கா தயிர்சாதத்தோடு பஸ்ஸில் வந்து சேர்ந்தாள்.

மைதானத்தில் எங்களுக்கு முன்னால் லாரிக்காரர்கள், புல்லட் வைத்திருந்த ஒரு பண்ணைக்காரர், கல்லூரிப் பையன்கள் என்று நல்ல கூட்டம். அத்திம்பேரின் முறை வந்தது. பார்க்கிறவர்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். முதல் கல்லை வலமாகச் சுற்றினார். இன்ஸ்பெக்டரே தலையை நிமிர்த்திப் பார்த்தார். இரண்டாவது கல்லை நோக்கிப் போனவர், பாதி வழியில் பிரேக்கைப் பிடித்து, வண்டியை நிறுத்தி, இறங்கிவிட்டார். அக்காவின் முகம் வெளுத்துப் போனது.

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். அந்தக் கல்லுக்கு யாரோ மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஓர் எலுமிச்சம்பழமும் இருந்தது. அந்த வளையத்தில்தான் ஆட்கள் அதிகம் விழுகிறார்கள் என்பதால், டெஸ்டுக்கு வருகிறவர்கள் அதற்குப் பூசை போட ஆரம்பித்து, நாளடைவில் அது ஓர் அம்மனாகியிருந்தது.

"இன்னா சாமி, ஏன் எறங்கிக்கினீங்க? பயந்துக்கினீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர். தெலுங்குக்காரர், ஆனால் சித்தூர்த் தமிழ் சரளமாக வந்தது.

"அத்திம்பேர், நமக்கு அது தெய்வமே இல்லையே" என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். பெருமாளைத் தவிர வேறு யாருக்கும் கைகூப்பாத மனுஷர் அவர். அன்றும் கூப்பவில்லை. "நமக்கு இல்லேடா. வெச்சவாளுக்குத் தெய்வம். அவா மனசை நான் இடமாச் சுத்தப்படாது" என்றார். பிறகு இன்ஸ்பெக்டரைப் பார்த்து, நிதானமாக, "அந்தக் கோடியிலேர்ந்து ஆரம்பிச்சு வரேன். இதை வலமாச் சுத்திட்டு, அதை இடமாச் சுத்தறேன். எட்டு எட்டுதானே?" என்று கேட்டார்.

இன்ஸ்பெக்டர் விரலால் காற்றில் ஓர் எட்டுப் போட்டுப் பார்த்தார். அப்புறம் அதையே தலைகீழாகப் போட்டுப் பார்த்தார். கூட்டத்திலும் இரண்டு மூன்று விரல்கள் காற்றில் எட்டுப் போட்டன. "சரேலே, கானிவ்வு" என்று தெலுங்கில் சம்மதித்தார் சிரித்துக்கொண்டே. "கால் ஊணினா மட்டும் சாமின்னு பாக்க மாட்டேன்."

அத்திம்பேர் மறுகோடிக்குப் போனார். குங்குமக் கல்லை வலமாகச் சுற்றினார். அதில் அவருக்கு என்ன கஷ்டம்? பிறகு வெறுங்கல்லுக்கு வந்தார், இடமாக. அக்கா யாரையும் கேட்காமல் விறுவிறுவென்று நடந்து போய், அந்த வளையத்துக்கு வெளியே, தயிர்சாதத் தூக்கோடு நின்றுகொண்டாள். அவர் அவளைத் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆனால் தோள் இறங்கியது, கை தளர்ந்தது. கால் தரையைத் தொடவில்லை. புல்லட் வைத்திருந்த பண்ணைக்காரர்தான் முதலில் கைதட்டினார்.

அதற்குப் பிறகு அந்த ஸ்கூட்டர் எனக்குத் திரும்பி வரவில்லை, நானும் கேட்கவில்லை. மழையோ பனியோ, விடிவதற்கு முன் அது புத்தூர்ச் சாலையில் இருக்கும். அக்கா அந்தப் பள்ளியிலேயே தலைமையாசிரியையாகி ஓய்வு பெற்றாள். இப்போது அந்தக் கிராமத்துக்கு ஷேர் ஆட்டோ போகிறது. கைங்கரியத்தை அவர்கள் பிள்ளை பார்க்கிறான். காரில் போய் வருகிறான்.

போன தை மாதம் புத்தூரில் ஒரு கல்யாணத்தில் அந்தப் பழைய தர்மகர்த்தாவைப் பார்த்தேன். நன்றாகத் தளர்ந்திருந்தார். நான் யார் என்று தெரிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். "உங்க அத்திம்பேரு லைசென்சுக்குப் போறதுக்கு முந்தின நாளு, கோயில் சாவிய எடுத்துக்கினு எங்க வீட்டுக்கு வந்தாரு. நாளைக்கி ஆவலன்னா வேற ஐயர வெச்சிக்குங்க, எங்க வீட்டம்மா டீச்சரு வேலைய விடக்கூடாதுன்னாரு. எத்தினி தலைமுறையா பாத்துக்கினு வந்த கோயிலு! நான் வாங்கிக்க மாட்டேன்னேன். ஆணியில மாட்டிட்டுப் போயிட்டாரு."

அன்று டெஸ்டில் தவறினால் அக்காவின் வேலை போய்விடும் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். போக இருந்தது அவருடைய பெருமாள். அதை எல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டு, யாரோ பூசிய மஞ்சளுக்காக அந்த மனுஷர் நடுவழியில் வண்டியை நிறுத்தி இறங்கியிருக்கிறார்.

கல்யாணம் முடிந்து அன்று சாயங்காலமே திருப்பதிக்குப் போனேன். அத்திம்பேர் கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். அக்கா பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு அப்போதுதான் எழுந்திருந்தாள். நான் மறைக்கவில்லை, இருவர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அக்காவுக்கும் அது புதிது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?" என்றாள்.

"சொல்லியிருந்தா நீ ராஜினாமா எழுதி முந்திண்டிருப்பே" என்றார் அத்திம்பேர்.

அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். "முந்தித்தான் இருப்பேன்" என்றாள்.