சபாபதி சத்தமாக யோசித்த நாள்

சபாபதிக்கு ஐம்பத்தேழு வயது. கிள்ளானில் பிறந்து, கிள்ளானிலேயே பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, துறைமுகத்தில் பதினெட்டு வருடம் கொள்கலன் லோரி ஓட்டி, இடுப்பு போன பிறகு சின்ன லோரிக்கு மாறியவர். இப்போது அவருக்குப் பழைய எண்ணெய் சேர்க்கும் வேலை. சாப்பாட்டுக் கடைகளில் பொரித்துப் பொரித்துக் கறுத்துப்போன எண்ணெயைத் தோங்கு எனும் பிளாஸ்டிக் கேன்களில் வாங்கி, தொங்கு தராசில் மாட்டி நிறுத்து, ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கும் கம்பெனியில் இறக்குவார். கம்பெனி அதை வெளிநாட்டுக்கு அனுப்பும். அங்கே அதை விமானத்துக்கு எரிபொருளாக்குவார்களாம். இதைக் கேள்விப்பட்ட அன்று சபாபதி தன் மனைவி சந்திரகலாவிடம், "நம்ம பஜ்ஜி எண்ணெயில ஏரோப்ளேன் ஓடுதாம் லா," என்றார்.

"அதான் மேல போனாலும் வயித்த பெரட்டுது," என்றாள் சந்திரகலா.

வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரு பிடிவாதம். ஒவ்வொரு சொட்டும் எந்தக் குவாலியில், அதாவது எந்த வாணலியில், கொதித்தது என்று தெரிந்தாக வேண்டும். காட்டை அழித்துப் பயிரிட்ட செம்பனையின் புது எண்ணெயைப் பழையது என்று சொல்லி யாரும் தலையில் கட்டிவிடக் கூடாதே! அதற்காகக் கம்பெனி ஒரு ஆப் வைத்திருந்தது. கடையைத் தேர்ந்தெடு, எடையைப் போடு, படம் பிடி, அனுப்பு. சபாபதி அதில் ஒரு வரிகூடப் படித்ததில்லை. மேலிருந்து மூன்றாவது கட்டம், பிறகு வலது மூலை, பிறகு பச்சை. நாலு வருடமாக அந்த ஆப்பைப் புரிந்து வைத்திருந்தது அவருடைய கட்டைவிரல் மட்டும்தான்.

இந்த ஆப்பைத்தான் கம்பெனி மாற்றி அமைக்கப் போவதாகச் சொன்னது. புதுத் திரையை முதலில் ஓர் ஓட்டுநரிடம் கொடுத்துப் பார்க்க வேண்டுமாம். முப்பத்திரண்டு ஓட்டுநர்களில் சபாபதியைப் பிடித்தார்கள். நாலு வருடத்தில் ஒரு சிவப்புக் குறிகூட வாங்காதவர் அவர் ஒருவர்தான். ஆப்பில் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் நட்சத்திரம் மினுங்கிக்கொண்டிருந்தது.

செய்தி கேட்ட சபாபதி அந்த நட்சத்திரத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டார். சிவப்பு ஏன் வரவில்லை என்பது அவருக்குத்தானே தெரியும். வீட்டிலேயே வடை, முறுக்கு சுட்டு விற்கும் பதினோரு பேரிடமும் அவர் எண்ணெய் வாங்கினார். அவர்களிடம் லைசன்ஸ் நம்பர் கிடையாது. நம்பர் போடாவிட்டால் ஆப் சிவப்பாகிவிடும். அதனால் அந்த எண்ணெய் முழுவதையும் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் கமலநாதனின் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைப் பெயரில் ஏற்றிவிடுவார். பொய்ப் பதிவு ஒன்று பிடிபட்டாலும் கம்பெனி கொடுத்த ஓட்டுநர் அட்டை ரத்து என்று லோரிக் கதவிலேயே ஒட்டியிருந்தது. ஒட்டியவரும் சபாபதிதான்.

சோதனை நாளன்று காலர் சட்டை, நெற்றி நிறைய விபூதி. ஓட்டுநர் உரிமம், அடையாள அட்டை, எதற்கும் இருக்கட்டுமென்று கண் பரிசோதனைச் சீட்டு. லோரியில் ஏறி உட்கார்ந்தவள் ராஜினி என்கிற இளம்பெண். புதுத் திரையை வரைந்தவளே அவள்தான். முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்னக் கேமராவை மாட்டினாள். அதில் சிவப்புப் புள்ளி எரிந்தது. சிவப்பு என்றாலே சபாபதிக்கு ஆகாது.

"அங்கிள், இது உங்களுக்கு டெஸ்ட் இல்ல. ஆப்புக்குத்தான் டெஸ்ட். நீங்க தடுமாறினா அது என் தப்பு."

"அப்ப ரெண்டு பேருக்கும் ஃபெயிலா?"

"யாருக்கும் ஃபெயில் இல்ல. நீங்க ஒண்ணே ஒண்ணு செய்யணும். மனசுல என்ன நினைக்கிறீங்களோ, அத அப்படியே வாய்விட்டு சொல்லிக்கிட்டே இருக்கணும்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

சபாபதிக்குக் கல்யாணமாகி முப்பது வருடம் ஆகிறது. மனதில் இருப்பதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொன்ன முதல் பெண் இவள்தான்.

கமலநாதன் கடைப் பின்வாசலில் இரண்டு தோங்கு எண்ணெயை நிறுத்துவிட்டு, லோரியில் ஏறிப் புதுத் திரையைத் திறந்தார்.

"இது என்னா இலைப் படம்? வாழையில இல்ல. கறிவேப்பில இல்ல. தொட்டா கடை வருமா? தொட்டுட்டேன். கடை வரல, உலகம் வந்திருச்சு. உலகம் சுத்துது. நிக்க மாட்டேங்குது. ம்மா, இத நிறுத்துங்க, எனக்குத் தல சுத்துது."

ராஜினி உதவவில்லை. உதவக் கூடாது என்பது சட்டமாம். நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள்.

"நான் மூணாவது கட்டத்த தேடுறேன். மூணாவது கட்டமே இல்ல. சொந்த வீட்டுக்குப் போய் வாசல காணோங்கிற மாதிரி இருக்கு. காலையில ரெண்டு இட்லிதான் சாப்பிட்டேன், பத்தல. இந்தப் பொண்ணு என்னா எழுதுதுன்னு தெரியல. முட்டாள்னு எழுதுதோ என்னமோ."

"அப்படி எழுதல அங்கிள்."

"நீங்க பதில் சொல்லக்கூடாது லா. நான் யோசிச்சிட்டிருக்கேன்."

பழைய ஆப்பில் இருபது வினாடி வேலை, புது ஆப்பில் இருபது நிமிடம் ஆனது.

அடுத்தது கடைக்குப் பின்னாலிருக்கும் அடுக்குமாடி. அந்தப் பதினோரு பேரில் ஒருத்தியான அமுதவள்ளியின் வீடு அங்கேதான். இன்றைக்கு மட்டும் நிற்காமல் போய்விடுவது என்று முடிவெடுத்து வைத்திருந்தார் (அதை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை). ஆனால் அது ஒருவழிப் பாதை. அமுதவள்ளி நடுச்சாலையிலேயே தோங்கோடு நின்றாள். வெளிநாட்டுக்குப் போகிற சாமான் என்று, தோங்கின் வெளிப்பக்கத்தைத் துணியால் பளபளவென்று துடைத்துத்தான் எப்போதும் கொடுப்பாள்.

"என்னண்ணே, பாக்காத மாதிரி போறீங்க? கண்ணாடி பவரு மாறிருச்சா?" என்றவள், ராஜினியின் கழுத்தட்டையைப் பார்த்துவிட்டாள். "கம்பெனி புள்ளையா? நல்லதாப் போச்சு. கண்ணு, எம்பேரு அந்தப் போன்ல எங்க இருக்குன்னு காட்டு. நாலு வருஷமா இந்த அண்ணன் இருக்கு இருக்குங்கிறாரு, காட்ட மாட்டேங்கிறாரு. நம்ம வடை எண்ணெயில ஏரோப்ளேன் பறக்குதுன்னு சொன்னா ரவாங்ல இருக்கற என் தங்கச்சி சிரிக்கிறா. படம் புடிச்சி அனுப்பணும் அவளுக்கு."

ராஜினி தேடினாள். மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள். பிறகு சபாபதியைப் பார்த்தாள்.

அந்த இடத்தில் சபாபதி வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் ஒரு மணி நேரமாகத் திறந்தே கிடந்த வாய், வாஷர் போன குழாய் மாதிரி ஆகியிருந்தது.

"நான் இப்ப என்னா நினைக்கிறேன்னா," என்றார், "இந்தக்கா பேரு அதுல இல்ல. கமலநாதன் பேருலதான் ஏத்துறேன். நம்பர் இல்லாட்டி சிவப்பு வரும். பதினோரு வீடு இப்படித்தான். நட்சத்திரம் எனக்கு அதுனாலதான் வந்துச்சு. அட்டை இப்ப போய்ரும்னு நினைக்கிறேன். சந்திரகலாகிட்ட என்னா சொல்றதுன்னு நினைக்கிறேன். ஏன் இன்னும் பேசிட்டிருக்கேன்னு நினைக்கிறேன்."

கேமராவில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

அமுதவள்ளி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. "அப்ப இத்தன நாளும் ஏரோப்ளேன்ல பறந்தது கமலநாதனா?" என்று மட்டும் கேட்டாள்.

லோரியைக் கொஞ்சம் தள்ளி ஓரமாக நிறுத்தியதும் ராஜினி கேமராவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "அங்கிள், வேணாம்னு சொன்னா இப்பவே இத அழிச்சிடுறேன். உங்க முன்னாலயே. வெச்சுக்கலாம்னு சொன்னா, மூஞ்சிய, பேர எடுத்துட்டு ஆபீஸ்ல போட்டுக் காட்டுவேன். வீட்டு அடுப்புக்கும் ஆப்புல ஒரு இடம் வேணும்னு நான் சொன்னா கேக்க மாட்டாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

"குரல்?"

"குரல் இருக்கும்."

"என் குரல் அங்க யாருக்குத் தெரியாது? வாரத்துக்கு மூணு வாட்டி போன் பண்ணி கத்துறேனே."

'அழிச்சிடுங்க மா' என்று சொல்ல வாயெடுத்த சபாபதி, பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். எடை போடாமலேயே விட்டுவந்த தோங்கைக் கையில் பிடித்தபடி அமுதவள்ளி சாலையோரத்தில் நின்றாள். துடைத்ததையே திரும்பவும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கட்டும் மா."

"நிச்சயமா அங்கிள்?"

"நிச்சயமாலாம் தெரியல. இன்னொரு வாட்டி கேக்காதீங்க, மாத்திச் சொல்லிடுவேன்."

சொல்லிவிட்டு இறங்கிப் போய் அந்தத் தோங்கை வாங்கிக்கொண்டார். ஏழு கிலோ. எடையை மட்டும் போட்டார், எந்தப் பெயரிலும் ஏற்றவில்லை. புதுத் திரை சிவப்பானது.

இரண்டு வாரம் கழித்துக் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். சபாபதி அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டு போனார். அவர்கள் கேட்டுக் கொடுப்பதைவிட அது கொஞ்சம் மரியாதை என்று நினைத்தார். யாரும் கேட்கவில்லை. முழுக்கதையை ராஜினிதான் வெளியே வந்து சொன்னாள். உலகம் சுற்றிய இடத்தில் எல்லோரும் சிரித்தார்களாம். அமுதவள்ளி வந்த இடத்தில் சிரிப்பு நின்றதாம். பிறகு மானேஜர் மற்ற ஓட்டுநர்களின் பதிவையும் புரட்டியிருக்கிறார். இருபத்துநாலு பேருக்கு ஆளுக்கொரு கமலநாதன் கடை இருந்திருக்கிறது. இருபத்துநாலு அட்டையையும் ரத்து செய்தால் எண்ணெய் எடுக்க மானேஜர்தான் லோரி ஓட்ட வேண்டும். ஆகவே அட்டை பிழைத்தது. நட்சத்திரம் போனது.

புது ஆப் வந்தபோது இலை போயிருந்தது, உலகமும் போயிருந்தது. மேலிருந்து மூன்றாவது கட்டம் திரும்ப வந்திருந்தது. அதற்குக் கீழே ஒரு சின்ன அடுப்புப் படம். தொட்டால் நம்பர் கேட்கவில்லை. பெயரும், குவாலியின் படமும் மட்டும் கேட்டது. அமுதவள்ளி என்று எழுத்து எழுத்தாக அடிக்கச் சபாபதிக்கு ஒன்பது நிமிடம் ஆனது. படம் குவாலிக்குத்தான் என்று எவ்வளவு சொல்லியும் கேட்காமல் அவள் தலை சீவி, பவுடர் போட்டுக்கொண்டு வந்து குவாலிக்குப் பின்னால் நின்றாள். அந்தப் படம் அன்றைக்கே ரவாங் போய்ச் சேர்ந்தது.

சபாபதி லோரியில் ஏறி உட்கார்ந்தார். போன் மஞ்சளானது. கமலநாதன் கடையில் எண்ணெய் திடீரென்று பாதியாகக் குறைந்துவிட்டதாம். காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. கடை மூடப்பட்டது. வாடிக்கையாளர் குறைந்தனர். வேறு ஆளுக்கு விற்கப்பட்டது. மூன்றுதான்; நடந்தது அதில் இல்லை. மூன்றையும் அவர் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே படித்தார். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. கேமராவும் இல்லை.

"நான் இப்ப என்னா நினைக்கிறேன்னா," என்று தொடங்கினார் சபாபதி.